பதிவேட்டில் இருந்தவர்களும் காட்டில் நின்றவர்களும்

வன்னியில் கிறிஸ்தவரைக் குறிக்க மூன்று பேச்சுகள் உண்டு. "அவை வேதம்" என்றால் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம், பெரும்பாலும் கத்தோலிக்கர். "அவை வேதத்துக்கு மாறினவை" என்றால் சைவத்திலிருந்து போனவர்கள். சொல்பவரின் குரலில் கொஞ்சம் வருத்தமோ ஏளனமோ ஒட்டியிருக்கும். மூன்றாவது, பெந்தெகொஸ்தே சபையினர் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வது: "நான் இரட்சிக்கப்பட்டனான்." முதலாவது பிறப்பைச் சொல்கிறது, இரண்டாவது இடமாற்றத்தைச் சொல்கிறது, மூன்றாவது ஒரு திகதியைச் சொல்கிறது. பெயருக்கு வேதக்காரராக இருந்த ஒருவர் எப்போது தன்னை முழுதாக ஒப்புக்கொடுத்தவராகிறார் என்ற கேள்விக்கு இந்த மூன்றிலும் விடை இல்லை.

இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்கள் மேற்கில் நிறையப் பேர். வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய நூலில், ஒருமுறை பிறந்தவர்கள், இருமுறை பிறந்தவர்கள் என்று விசுவாசிகளை இரண்டாகப் பிரித்தார். ஆர்தர் டார்பி நொக் 1933இல், ஒரு சமயத்தோடு ஒட்டிக்கொள்வது வேறு, அதற்காகப் பழைய வாழ்வையே திருப்பிப்போடுவது வேறு என்று காட்டினார். இரண்டும் பயனுள்ள பிரிவுகள்தான். ஆனால் இவர்கள் வாசலைத்தான் பார்த்தார்கள். யார் எப்படி உள்ளே வந்தார் என்பதே அவர்களுடைய ஆய்வு. வந்தவர் பிறகு நின்றாரா, எதற்காக நின்றார் என்பதற்கு வேறு சாட்சிகள் வேண்டும். அந்தச் சாட்சிகள் மன்னார் தீவிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் ஐந்நூறு வருட நீளத்துக்குக் கிடக்கின்றன.

முதலில் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1544இல் மன்னார்த் தீவில் ஒரு கூட்டம் மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் தாம் வர முடியாமல் அனுப்பிவைத்த ஒரு குருவானவர் வந்து கொடுத்த ஞானஸ்நானம் அது. அவர்களுக்குக் கிடைத்த போதனை எவ்வளவு இருந்திருக்கும்? விசுவாசப் பிரமாணம், சில செபங்கள், பத்துக் கட்டளை. அதே ஆண்டின் கடைசிக்குள் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை வந்தது. மன்னனுக்கு இது சமயப் பிரச்சினை மட்டுமல்ல. தன் குடிகள் போர்த்துக்கேயரின் பக்கம் சாய்கிறார்கள் என்ற அரசியல் பயமும் அதில் இருந்தது. ஏறக்குறைய 600 பேர் கொல்லப்பட்டார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் காய்ந்து சில மாதங்கூட ஆகாத மக்கள் அவர்கள்.

அடுத்தது ஒல்லாந்தர் காலம். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்கு வந்தன. கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்கே அரச உத்தியோகம். பிறப்பும் விவாகமும் பள்ளிக்கூடத் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறினால்தான் பிள்ளைக்கு உரிமையும் காணிக்குச் சொந்தமும். ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு சட்டம்பியார், ஒரு பதிவேடு. வராத பிள்ளைக்குத் தண்டம். இப்படி நூற்று முப்பத்தெட்டு வருடம் நடந்தது. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், கட்டாயம் போய்விட்டது. எமர்சன் ரெனன்ட் 1850இல் வெளியிட்ட நூலில் தரும் கணக்கின்படி 1802இல் யாழ்ப்பாணத் தமிழரிடையே பெயரளவுப் புரட்டஸ்தாந்தர் 136,000 பேர். 1806இல் அங்கே வந்த பாதிரியார் கிளோடியஸ் புக்கானன் கண்டது இடிந்த கோயில்களைத்தான். அந்தச் சமயமே அங்கே அழிந்துபோய்விட்டது என்று எழுதினார்.

ஒருபுறம் சில மாதப் போதனை, எதிரே வாள். மறுபுறம் ஒன்றரை நூற்றாண்டுப் போதனை, எதிரே ஒன்றுமேயில்லை. சலுகை மட்டும் நின்றுபோனது. முதலாமவர் நின்றார்கள், இரண்டாமவர் நாலு வருடத்தில் கலைந்தார்கள். அறிவூட்டினால் ஈடுபாடு தானாக வரும் என்று நம்புகிற மறைக்கல்வி ஆசிரியர்கள் (நானும் சில காலம் அப்படி நம்பியவன்) இந்த இரண்டு கணக்குகளையும் மேசையில் எழுதி ஒட்டி வைக்கலாம்.

ஆனால் இதிலிருந்து அவசரமாக ஒரு விதி செய்துவிடவும் கூடாது. வாளுக்கு முன்னால் நிற்பதுதான் விசுவாசம், சலுகையால் வந்ததெல்லாம் பொய் என்று சொன்னால் எதிர்க்கரைப் பரதவர் குறுக்கே வந்து நிற்பார்கள். 1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றது போர்த்துக்கேயரின் பாதுகாப்புக்காக. அது ஒப்பந்தம் என்பதை யாரும் மறைக்கவில்லை. 1542இல் சவேரியார் அங்கே போனபோது பெயரைத் தவிர அவர்களுக்கு அதிகமாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பாதுகாப்புக் கொடுத்த போர்த்துக்கேயர் அடுத்த நூற்றாண்டில் தோற்றுப் போனார்கள். ஒல்லாந்தர் வந்து நெருக்கினார்கள். பரதவர் மாறவில்லை. பேரத்தில் தொடங்கியது பேரம் முடிந்த பிறகும் நின்றது. ஆகவே எதற்காக வந்தார் என்று கேட்பதை விட, வந்த காரணம் தீர்ந்துபோன மறுநாள் அவர் எங்கே நின்றார் என்று பார்ப்பதே சரியான சோதனை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான்.

அந்த மறுநாள் வன்னிக்கு வந்தது 1670 வாக்கில். ஒல்லாந்தரின் நெருக்கலில் மாந்தையை விட்டுக் கிளம்பிய இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக மடுத் திருத்தலத்தின் வரலாறு சொல்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் சில நூறு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒல்லாந்தர் வன்னிமைத் தலைவர்களிடம் யானைத் திறை கேட்டார்களே தவிர, காட்டுக்குள் தோம்புப் புத்தகத்தோடு நுழைய அவர்களால் முடியவில்லை. பதிவேடு நுழைய முடியாத இடத்தில் விசுவாசம் குடியேறியது. குருவானவர் இல்லை, பூசை இல்லை, உத்தியோகம் இல்லை. பாம்பும் காய்ச்சலும் உண்டு. மூப்பரும் அண்ணாவிமாரும் செபம் சொல்லிக் கொடுத்தார்கள்.

கோவாவில் பிறந்த யோசே வாஸ் அடிகள் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது பிச்சைக்காரர் வேடத்தில். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்து யாருடைய கண் ஒரு கணம் நின்றதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு. முப்பது வருடமாகக் குருவானவரைக் காணாத வீடுகள் அவை. சில்லாலையில் ஒளித்திருந்து, பிறகு புத்தளம் வழியாகக் கண்டிக்குப் போய், 1711இல் இறக்கும்வரை அவர் செய்த வேலையின் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த வேதக்காரரை நிமிர்த்துவதுதான். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில் இன்றும் வாசிக்கப்படுகிறது. பாட்டும் வாசிப்பும் அழுகையுமாகப் போகும் அந்த இரவுகள்தான் எழுத்தறியாத பெண்களுக்கு மறைக்கல்வி. யோசே வாஸை 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்திய பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார்.

மடு என்றவுடன் நேர்த்தியைப் பற்றிப் பேச வேண்டும். படித்த கிறிஸ்தவர் பலருக்கு நேர்த்தி என்றால் ஒரு கூச்சம். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினால் மெழுகுதிரி, விசா கிடைத்தால் முடி இறக்குவது, பாம்புக்கடிக்கு மடு மண். இது மேலோட்டமான பக்தி, கொடுக்கல் வாங்கல் என்று மேடையில் சொல்வது எளிது. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஆவணி 15ஆம் திகதித் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டிக் காட்டுவழியே போன அந்த நேர்த்திக்காரர்தான் குருவானவர் இல்லாத காலத்தில் கோயிலைக் காத்தவர்கள். அவர்களில் சைவர்களும் உண்டு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகிறவர் ஆவணியில் மடுவுக்கும் போவார். நேர்த்தி விசுவாசத்தின் அரிவரி வகுப்பு. அரிவரியிலேயே ஆயுள் முழுக்க இருந்துவிடுவது குறைதான், ஆனால் அதில் குந்தாமல் மேல்வகுப்புக்குப் போனவர் குறைவு.

படிப்படியாகப் போவது என்ற எண்ணம் தமிழருக்குப் புதிதும் அல்ல. சைவ சித்தாந்தம் இறையருள் ஆன்மாவில் பதிவதைச் சத்திநிபாதம் என்கிறது. மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று அதை நான்காகப் பகுக்கிறது. ஒரே நாளில் எல்லாரும் தீவிரதரத்தில் நிற்பதில்லை. மலம் பக்குவப்பட வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதல் பேராயரான சபாபதி குலேந்திரன், அருள் என்ற ஒற்றைக் கருத்தைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் தேடி ஒப்பிட்டு 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். கிறிஸ்தவ அருளின் தனித்தன்மையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அயல்வீட்டுச் சைவரிடம் இதைப் பற்றிப் பேச ஒரு மொழி இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். நம்முடைய பிரசங்கிமாரில் பலருக்கு அந்த மொழி தெரியாது.

ஒரே நாள் என்று வலியுறுத்துபவர்கள் அடிக்கடி காட்டுவது ஜோன் வெஸ்லியை. 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேற் தெருவில் ஒரு சிறு கூட்டத்தில், தம் உள்ளம் அதிசயமாகச் சூடேறியதை உணர்ந்தார். உண்மை. அதே வெஸ்லி 1728இலேயே குருப்பட்டம் பெற்றவர், அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய்த் தோற்றுத் திரும்பியவர். பத்து வருட விறகில்லாமல் அந்த ஒரு மாலைத் தீ பற்றியிருக்குமா? அவருடைய சபையார் 1814இல் இலங்கைக்கு வந்தபோது அந்த மாலையைக் கொண்டுவந்தார்கள், விறகை மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி பகிரங்கமாகவே வெடித்தது. வன்னி அப்போது பெரும்பாலும் காடு, ஆனால் பிற்பாடு கிளிநொச்சியில் குடியேறியவர்களின் பாட்டன்மார் இருந்த ஊர்களின் கதை இது. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் 1820களிலேயே எழுப்புதல்கள் நடந்தன. மாணவர் அழுதார்கள், செபித்தார்கள், சபையில் சேர்ந்தார்கள். 1855இல் மிஷனின் தலைமையகத்திலிருந்து ரூபஸ் அண்டர்சன் வந்து விசாரித்தார். பிள்ளைகள் இங்கிலீசுக்கும் உத்தியோகத்துக்குமே வருகிறார்கள் என்று முடிவாகி, செமினரி மூடப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள். இருவரும் பின்னர் சைவத்துக்கே திரும்பினார்கள். மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், சம்பளத்துக்குச் சமயம் மாறியவர்களை எழுத்தில் கிழித்தார். பலர் விஷயத்தில் அவர் சொன்னது சரி. கிறிஸ்தவ வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கத் தேவையில்லை. மிஷனே தன் செமினரியை மூடிவிட்டதே.

கிளிநொச்சி ஊர் எழுந்தது 1936இல், இரணைமடுத் தண்ணீரை நம்பி. குடாநாட்டிலிருந்து காணி இல்லாதவர்கள் வந்தார்கள். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து காடு வெட்டினார்கள். இவர்களோடு பெந்தெகொஸ்தே சபைகளும் வேர்விட்டன. பாஸ்ரர் போல் என்ற ராமன்குட்டி 1920களில் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன், அசெம்பிளி ஒஃப் கோட், தனித்தனிச் சபைகள். முதலாவதின் ஊழியக்காரர் கலியாணம் செய்வதில்லை, சொத்து வைப்பதில்லை, விசுவாச வீட்டில் கூட்டாக இருக்கிறார்கள், சம்பளம் இல்லை. அவர்களுடைய வெள்ளை உடுப்பைப் பார்த்துச் சிரிக்கிறவர் இந்தக் கணக்கையும் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

பிறகு போர். இந்த இடத்தில் எழுதுகிறவன் கை நடுங்க வேண்டும். துன்பம் விசுவாசத்தைப் புடம்போட்டது என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துபோவதைப் போல அநியாயம் வேறில்லை. புடம்போடுவதற்காக யாரும் பிள்ளைகளைக் கொல்வதில்லை. நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன். 2007 செப்டெம்பரில் வெள்ளாங்குளம் பக்கம் அகதிகளுக்கு உதவிப்பொருள் கொண்டுபோன பாக்கியரஞ்சித் அடிகள் கிளைமோரில் இறந்தார். 2008 ஏப்ரல் தொடக்கத்தில் மடு மாதாவின் சுரூபத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குத் தூக்கிச் சென்றார்கள். மூன்றரை நூற்றாண்டுக்கு முன் மாந்தையிலிருந்து வந்தது போலவே மறுபடியும் ஒரு பயணம். அந்த மாதமே 20ஆம் திகதி மல்லாவிப் பகுதியில் கருணாரட்ணம் அடிகள் கிளைமோரில் கொல்லப்பட்டார். செப்டெம்பரில் அரசாங்கம் உதவி நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது. வாகனங்கள் வரிசையாகப் போயின. குருமாரும் கன்னியர்களும் நின்றார்கள்.

வலைஞர்மடம் மாதா கோயில் 2009இல் என்னவாக இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் தறப்பாள் கொட்டில்கள், பங்கர்கள், கஞ்சிக்கு வரிசை. அங்கே தஞ்சமிருந்த இளையோரைப் புலிகள் பலவந்தமாகப் படைக்கு இழுத்துப்போனார்கள். கோயில் என்றும் பார்க்கவில்லை. ஏப்ரலில் அதே வளாகத்தில் ஷெல் விழுந்து கத்தோலிக்க உதவி நிறுவனமான வன்னி கியூடெக்கின் இயக்குநர் வசந்தசீலன் அடிகளின் கால் போனது. மே 18, கடைசி நாள். கிளிநொச்சிப் பகுதியில் பணியாற்றிய சரத்ஜீவன் அடிகள் மக்களோடு வெளியே நடந்து வரும் வழியில் மாரடைப்பில் இறந்தார். யாழ்ப்பாணம் சென். பற்றிக்ஸ் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகள், சரணடைந்தவர்களோடு வட்டுவாகலில் படையினரின் பேருந்தில் ஏறினார். அவரைப் பிறகு யாரும் காணவில்லை.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். மாத்தளன் மணலில் பங்கருக்குள் செபமாலை தொடங்கிவைத்த உபதேசியார்மாரும், செத்த பிள்ளைக்குத் தாங்களே தண்ணீர் தெளித்துச் செபம் சொல்லிப் புதைத்த தாய்மாரும் எந்த அறிக்கையிலும் இல்லை. அவர்களில் பலர் அதற்கு முந்திய வருடங்களில் கிறிஸ்மஸ், பெரிய வெள்ளி தவிரக் கோயில் வாசல் மிதிக்காதவர்களாகவும் இருந்திருப்பார்கள். மறுபக்கமும் உண்டு. அன்றோடு செபத்தைக் கைவிட்டவர்கள் உண்டு. போரிலிருந்து தப்பியவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் பூசைக்கு மணியடித்தபோது கொட்டிலுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் உண்டு. அவர்களை விசுவாசம் இழந்தவர்கள் என்று கணக்கெழுத எனக்குத் துணிவில்லை. கடவுளோடு கோபமாயிருப்பவர் அவரை இன்னும் ஆளாகவே எண்ணுகிறார். சுமந்து பார்த்துத் தோள் முறிந்தவரையும் ஒருபோதும் சுமக்காதவரையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஏ9 வீதியை ஒட்டிய குறுக்குத் தெருக்களில் தகரக் கூரைச் சபைகள் எழும்பின. வீடிழந்து, ஆளிழந்து, நுண்கடன் தவணைக்கு ஒளித்துத் திரியும் பெண்களிடம் முதலில் போனது இந்தப் பாஸ்ரர்மார்தான். சிலர் அரிசிப் பையோடு போனார்கள். தையல் மெசின் தருகிறோம், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார்கள். இது ஒல்லாந்தத் தோம்பின் மறுபதிப்பு, அப்படியே சொல்லிவிடுகிறேன். பசித்தவளிடம் சோற்றைக் காட்டிச் சத்தியத்தைக் கையெழுத்து வாங்குவது சுவிசேஷத்துக்கே அவமானம். 2016இல் வவுனியாவில் மறவன்புலவு சச்சிதானந்தன் சிவசேனையைத் தொடங்கியபோது முன்வைத்த முறைப்பாட்டில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. அந்த முறைப்பாட்டில் பிழையான இடமும் ஒன்று உண்டு. வன்னிப் பெண்ணுக்குச் சொந்தப் புத்தி இல்லை, தையல் மெசினுக்கு மனதை விற்றுவிடுவாள் என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. மெசின் வாங்கிக்கொண்டு போகாமல் விட்டவர்கள் எத்தனை பேர்! மெசின் பழுதாகி மூலையில் கிடக்க, இன்னும் போகிறவர்களும் உண்டு. ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் வேதசாஸ்திரம் அல்ல. "அவை செவ்வாய்க்கிழமையளில வீட்டுக்கு வந்து இருந்து கேப்பினம்." புருசன் கசிப்பை விட்டதைச் சாட்சியாகச் சொல்லும் வீடுகள் உண்டு, விட்டவர் மறுபடி தொடங்கிய வீடுகளும் உண்டு, அவை சாட்சி சொல்லும் மேடைக்கு வருவதில்லை.

பழைய சபைகள் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது கொஞ்சமல்ல. திருவிழாக் கடிதவுறை கொடுக்க மட்டும் வீட்டுக்கு வரும் பங்குச் சபை, வேதக்காரர் அல்லேலூயாப் பக்கம் போகிறார்கள் என்று குறைசொல்ல முடியாது. அன்பியம் என்று கத்தோலிக்கர் வீட்டுக்கு வீடு கூடும் முறையை வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் இடங்களில் அது அந்தச் செவ்வாய்க்கிழமை வேலையைத்தான் செய்கிறது. கூட்ட அறிக்கையில் மட்டும் இருக்கும் இடங்களில் அதுவும் ஒரு தோம்பு. பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் ஒரு வார்த்தை: இரட்சிக்கப்பட்ட திகதியைக் கேட்கிறீர்கள், சரி. அந்தத் திகதிக்குப் பத்து வருடத்துக்குப் பிறகும் போய் ஒருமுறை கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தக் கேள்விக்கு வன்னி கொடுக்கக்கூடிய விடை நூலகத்தில் இல்லை. இரணைப்பாலையிலும், தேவிபுரத்திலும், இறம்பைக்குளத்திலும், வலைஞர்மடத்திலும் திண்ணைகளில் இருக்கிறது. அந்த உபதேசியார்மாருக்கும் மூப்பர்மாருக்கும், போர்க்காலத்தில் விசுவாச வீடுகளைப் பூட்டாமல் வைத்திருந்த அம்மாமாருக்கும் இப்போது வயது போய்விட்டது. சிலருக்குக் காது கேட்பதில்லை. உங்கள் பங்கிலோ சபையிலோ அப்படி ஒருவர் இருந்தால் அடுத்த தவக்காலத்துக்குக் காத்திருக்காமல் ஒரு அப்பியாசக் கொப்பியோடு போங்கள். எப்போது விசுவாசித்தீர்கள் என்று கேட்காதீர்கள், ஏன் விடவில்லை என்று கேளுங்கள். விட்டவர் இருந்தால் அவரிடமும் போய், அவர் சொல்வதையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.